வேட்டைப் பயணத்தை வீடியோ எடுக்க முதல் கேமரா: கம்மி பட்ஜெட்டில் எதைப் பார்த்து வாங்கணும்?

அமெரிக்காவில் செப்டம்பர், அக்டோபர் வந்துவிட்டால் பல மாநிலங்களில் மான் வேட்டை சீசன் தொடங்கிவிடும். முதலில் வில், அம்பு. நவம்பரை ஒட்டி துப்பாக்கி. லைசென்ஸ் எடுத்து, ஒரு சீசனுக்கு இத்தனை மான் என்ற கணக்குக்குள் வேட்டையாடுவது அங்கே சட்டப்படி அனுமதிக்கப்பட்ட விஷயம். மரத்தில் பரண் கட்டி ஏறும் பலர், இப்போது வில்லோடு சேர்த்து ஒரு கேமராவையும் மேலே ஏற்றிக்கொள்கிறார்கள்.

யூடியூபில் போட மட்டும் இல்லை. விட்ட அம்பு மானின் உடம்பில் சரியாக எங்கே பட்டது என்று திரும்பப் போட்டுப் பார்ப்பதற்கும்தான். அடுத்து எத்தனை மணி நேரம் காத்திருந்து தேடப் போக வேண்டும் என்பதே அதை வைத்துத்தான் முடிவாகிறது. அந்த ஒரு நொடி மங்கலாகவோ, ஆடியோ, ஃபோகஸ் இல்லாமலோ இருந்தால் கேமரா கொண்டு போனதில் அர்த்தமே இல்லை.

ஆனால் 300 டாலரோ 500 டாலரோ கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவருக்கு முன்னால் நிற்பது ‘4கே’, ‘1500எக்ஸ் ஜூம்’, ‘நைட் விஷன்’ என்று கத்தும் பெட்டிகள். இவற்றில் எது உண்மையில் உதவும்? எதற்குக் காசு கொடுக்கக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

இந்தியாவில் இதைச் செய்யலாமா?

கூடாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 பட்டியலிட்டுள்ள விலங்குகளை வேட்டையாடுவதற்கு இந்தியாவில் தடை இருக்கிறது. கொன்றால் மட்டும்தான் வேட்டை என்றும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. பொறி வைப்பது, கண்ணி கட்டுவது, விரட்டுவது, அதற்கான முயற்சி எல்லாமே ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் வந்துவிடும். முயல் பிடித்த வீடியோவைச் சமூக வலைதளத்தில் போட்டு, அதை வைத்தே வனத்துறையிடம் சிக்கியவர்கள் பற்றிய செய்தி இங்கே அவ்வப்போது வரத்தான் செய்கிறது. கேமராவே சாட்சியாகிவிடும்.

அமெரிக்காவிலும் இந்த ஆபத்து இருக்கிறது. சட்டவிரோதமாக வேட்டையாடியதை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டு போனால், 1900-ல் வந்த லேசி சட்டத்தின்படி அது மத்திய அரசு வழக்கு.

ஆக, கீழே வரும் வேட்டை விவரங்கள் அமெரிக்கச் சூழலுக்கானவை. கேமரா விவரம் மட்டும் எங்கும் ஒன்றுதான். வேடந்தாங்கலில் கூழைக்கடா, கோடியக்கரையில் வெளிமான் என்று தூரத்தில் இருந்து வீடியோ எடுக்க ஆசைப்படும் நம்ம ஊர்க்காரர்களுக்கும் அதே கணக்கு பொருந்தும்.

எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான்

பகல் வெளிச்சத்தில் எந்த கேமராவும் நல்ல கேமராதான். 200 டாலர் கேமராவுக்கும் 2,000 டாலர் கேமராவுக்கும் மதியம் 12 மணிக்கு மொபைல் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

பிரச்னை என்னவென்றால், மான் மதியம் 12 மணிக்கு வராது. வெள்ளைவால் மான் அதிகம் நடமாடுவது விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு அனுமதிக்கப்பட்ட நேரமே சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி, அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு முடிகிறது. சில மாநிலங்களில் இது மாறும். அந்த முதல் அரை மணியும் கடைசி அரை மணியும்தான் மலிவு கேமராக்கள் திணறும் நேரம்.

வேட்டையைப் படமெடுப்பவர்களிடம் ‘கேமரா வெளிச்சம் போச்சு’ என்ற பேச்சு உண்டு. சட்டப்படி இன்னும் பத்து, இருபது நிமிடம் மிச்சம் இருக்கும், கண்ணுக்கும் மான் தெரியும். கேமராவில் மட்டும் கருப்பு உருவம், சுற்றிலும் மணல் தூவியது போல் புள்ளிகள். வெளிச்சம் போதாதபோது கேமரா சிக்னலைச் செயற்கையாகக் கூட்டுகிறது. ‘கெயின்’ என்று அதைச் சொல்வார்கள். கெயின் கூடக் கூட புள்ளிகளும் கூடும்.

இதைத் தாங்க இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று சென்சார். அதன் அளவை 1/5.8 இன்ச், 1/2.3 இன்ச் என்று பின்னமாக எழுதியிருப்பார்கள். இதில்தான் பலர் குழம்புகிறார்கள். கீழே இருக்கும் எண் பெரிதானால் சென்சார் சின்னது என்று அர்த்தம். 1/5.8-ஐ விட 1/2.3 பரப்பளவில் பல மடங்கு பெரியது. 1 இன்ச் சென்சாரோ 1/2.3-ஐ விட சுமார் நான்கு மடங்கு பெரியது. பரப்பு கூடினால் வாங்கும் வெளிச்சமும் கூடும்.

இரண்டாவது லென்ஸ். பெட்டியில் ‘எஃப் 1.8’ என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். அது ஜூம் செய்யாதபோது உள்ள கணக்கு. முழுசாக ஜூம் போனால் அதே லென்ஸ் எஃப் 3.6, எஃப் 4 என்று சுருங்கிவிடும். எஃப் 1.8-லிருந்து எஃப் 3.6-க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்குதான். இருட்டும் நேரத்தில் தூரத்து மானை முழு ஜூமில் எடுத்தால் மங்குவதற்குக் காரணம் இதுதான். பாதி ஜூமோடு நிறுத்திக்கொண்டால் படம் சின்னதாக வரும், ஆனால் தெளிவாக வரும்.

ஆட்டோவில் விட்டால் கேமரா ஷட்டர் வேகத்தைக் குறைத்தும் சமாளிக்கப் பார்க்கும். பல மாடல்களில் இதற்கு ‘ஆட்டோ ஸ்லோ ஷட்டர்’ என்று தனி மெனு இருக்கிறது. படம் வெளிச்சமாகத் தெரியும், நடக்கும் மான் மட்டும் இழுத்துவிட்ட மாதிரி வரும். அதை அணைத்து வைப்பதே நல்லது.

ஜூம்: 20 போதுமா, 60 வேணுமா?

‘1500எக்ஸ்’ என்று பெட்டியில் இருப்பது டிஜிட்டல் ஜூம். எடுத்த படத்தையே வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான் அதன் வேலை. அந்த எண்ணை அப்படியே மறந்துவிடலாம். பார்க்க வேண்டியது ‘ஆப்டிகல்’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் இருக்கும் எண்.

எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வில் வேட்டையில் அம்பு விடும் தூரம் பெரும்பாலும் 20 முதல் 30 கெஜம், அதாவது 18 முதல் 27 மீட்டர். 20எக்ஸ் ஆப்டிகல் ஜூம் உள்ள சாதாரண கேம்கார்டரை முழுசாக இழுத்தால் சுமார் 600 மி.மீ. லென்ஸுக்குச் சமம். அதில் 30 மீட்டர் தூரத்தில் தெரியும் அகலம் 1.8 மீட்டர்தான். ஒரு மான் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். வில் வேட்டைக்கு 20எக்ஸ் தாராளம்.

கொலராடோ, மொன்டானா மாதிரி மேற்கு மாநிலங்களின் திறந்தவெளியில் துப்பாக்கியோடு போகிறவர் கதை வேறு. 300 மீட்டரில் அதே ஜூமில் தெரியும் அகலம் 18 மீட்டர். எல்க் மான் பெரியதுதான், ஆனாலும் திரையில் சின்ன பொம்மையாகத்தான் தெரியும். அவர்களுக்குத்தான் 40எக்ஸ், 60எக்ஸ் எல்லாம் உண்மையிலேயே வேலைக்கு ஆகும்.

வாத்து வேட்டைக்கு இது எதுவுமே தேவைப்படாது. பறவைகள் தலைக்கு மேலே வேகமாகப் போகும். அங்கே அகலமான காட்சிதான் வேண்டும்.

கோப்ரோ இருக்கே, போன் இருக்கே?

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது இதுதான். ஆக்‌ஷன் கேமரா சின்னது, மழைக்குத் தாங்கும், தலையிலேயே மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அதன் அகலமான லென்ஸில் 30 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 65 மீட்டர் அகலக் காட்சி தெரியும். அதில் ஒன்றரை மீட்டர் மான் என்பது திரையின் அகலத்தில் சுமார் 2 சதவீதம். எச்டி வீடியோவில் 40, 45 புள்ளிகள். எறும்பு மாதிரி.

அதனால் அது வேண்டாம் என்றில்லை. வேட்டைக்காரரின் முகம், வில்லை இழுக்கும் கை, பரணில் காத்திருக்கும் நேரம் இதையெல்லாம் எடுக்க இரண்டாவது கேமராவாக ஆக்‌ஷன் கேமரா அருமை. முதல் கேமராவாக வாங்கினால்தான் ஏமாற்றம்.

போன் விஷயம் கொஞ்சம் மாறியிருக்கிறது. விலை அதிகமான மாடல்களில் 5 மடங்கு, 10 மடங்கு ஆப்டிகல் ஜூம் வந்துவிட்டது. பகலில் நன்றாகவே எடுக்கும். ஆனால் அந்த ஜூம் லென்ஸுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் சின்ன சென்சார். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் மெயின் கேமராவுக்கு மாறி, படத்தை வெட்டிக் காட்டிவிடும். பைனாகுலரிலோ ஸ்பாட்டிங் ஸ்கோப்பிலோ போனை மாட்டும் அடாப்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஏற்கெனவே நல்ல ஸ்கோப் வைத்திருப்பவருக்கு அசையாமல் நிற்கும் மிருகத்தை எடுக்க இதைவிட மலிவான வழி கிடையாது. மிருகம் நடக்க ஆரம்பித்தால் பின்தொடர்வது கஷ்டம்.

இன்னொன்று, காட்டில் அவசரத்துக்கு அழைக்க இருக்கும் ஒரே கருவி போன். மூன்று மணி நேரம் வீடியோ எடுத்து அதன் பேட்டரியைக் காலி செய்வது புத்திசாலித்தனம் இல்லை.

ட்ரோன்? வேட்டைக்கு ட்ரோன் பயன்படுத்துவதைப் பல அமெரிக்க மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன. அந்த யோசனையையே விட்டுவிடலாம்.

அப்போ எந்த மாடல்?

கையடக்க வீடியோ கேமரா, அதாவது கேம்கார்டர், போன்கள் வந்த பிறகு கடைகளில் கிட்டத்தட்ட காணாமல் போன பொருள். ஆனால் இந்த ஒரு வேலைக்கு இன்றும் அதுதான் வசதி. ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலால் ஜூம் செய்யலாம். மணிக்கணக்கில் ஓடும். புகைப்பட கேமராக்கள் பலவற்றில் ஒரு தடவைக்கு 29 நிமிடம் 59 விநாடிதான் பதிவாகும். 30 நிமிடத்தைத் தாண்டினால் ஐரோப்பிய யூனியனில் வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு வரி விதித்ததால் கம்பெனிகள் வைத்த கட்டுப்பாடு அது!

அடிமட்ட விலையில் பலரும் பார்ப்பது சோனி எச்டிஆர் சிஎக்ஸ்405. 2015-ல் வந்தது. 30எக்ஸ் ஆப்டிகல் ஜூம், கைக்கு அடக்கம், வந்தபோது விலை 200 டாலரைச் சுற்றி இருந்தது. குறை இரண்டு. சென்சார் 1/5.8 இன்ச், அதாவது அந்தி நேரத்தில் சீக்கிரம் கைவிடும். அடுத்தது, வெளி மைக் மாட்ட ஓட்டையே கிடையாது. பட்ஜெட் இதற்கு மேல் போகாது என்றால் பரவாயில்லை. கொஞ்சம் இழுக்க முடியும் என்றால் இதில் நிற்க வேண்டாம்.

அடுத்த படி, 2017-ல் வந்த கேனான் விக்ஸியா எச்எஃப் ஆர்800. 32எக்ஸ் ஜூம், மைக் ஜாக் இருக்கிறது. புதிதாக வேட்டை வீடியோ ஆரம்பித்த பலருக்கு அமெரிக்காவில் இது முதல் கேமரா. இப்போது பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். இதிலும் சென்சார் சின்னதுதான். ஆனால் மைக் ஜாக் ஒன்றுக்காகவே சிஎக்ஸ்405-ஐ விட இது மேல்.

விலைக்கும் தரத்துக்கும் நடுவில் சரியாக நிற்பது பானாசோனிக் எச்சி வி770, வி785 வரிசை. 20எக்ஸ் ஜூம், 1/2.3 இன்ச் சென்சார், மைக் ஜாக். 4கே கிடையாது. பலர் இதை ஒதுக்குவதே அந்த ஒரு காரணத்துக்காகத்தான். ஆனால் பொழுது சாயும் நேரத்தில் சின்ன சென்சாரில் எடுத்த 4கே-வை விட, பெரிய சென்சாரில் எடுத்த சாதாரண எச்டிதான் தெளிவாக இருக்கும். மொபைலில் பார்க்கிறவர்களுக்கு 4கே-வும் எச்டியும் ஒன்று மாதிரிதான் தெரியும் என்பது வேறு விஷயம். பட்ஜெட் குறைவு, முதல் கேமரா, மைக்கும் வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் தேட வேண்டியது இந்த வரிசையைத்தான்.

ஆயிரம் டாலரை ஒட்டி அறிமுகமானவை சோனி எஃப்டிஆர் ஏஎக்ஸ்53, கேனான் விக்ஸியா எச்எஃப் ஜி50. முதலாவது 2016, அடுத்தது 2019. இரண்டும் 4கே, 20எக்ஸ். ஏஎக்ஸ்53-ல் லென்ஸ் பகுதியே உள்ளே மிதந்து ஆட்டத்தைச் சரிசெய்யும். கையில் பிடித்து எடுப்பவருக்கு அது பெரிய வரம். ஜி50-ல் லென்ஸைச் சுற்றி ஃபோகஸ் வளையமும், இரண்டு கார்டு போடும் வசதியும் உண்டு. புதுசாக வாங்கினால் இவை ‘கம்மி பட்ஜெட்’ ஆகாது. செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

வீடியோவும் வேண்டும், போட்டோவும் வேண்டும் என்பவர்களுக்கு ‘பிரிட்ஜ்’ வகை கேமரா இருக்கிறது. பானாசோனிக் எஃப்இசட்300 இதில் தனி ரகம். 25 முதல் 600 மி.மீ. வரை முழு ஜூமிலும் எஃப் 2.8 மாறாது. தூசி, சாரல் தாங்கும், மைக் ஜாக் உண்டு. மேலே சொன்ன ‘ஜூம் போனால் இருட்டாகிவிடும்’ பிரச்னை இதில் பாதி தீர்ந்துவிடும். நிகான் பி1000 மாதிரி 125 மடங்கு ஜூம் கேமரா, நிலாவையும் நீர்நிலைக்கு நடுவில் இருக்கும் பறவையையும் எடுக்க அற்புதம். ஆனால் கிட்டத்தட்ட 1.4 கிலோ எடை, முழு ஜூமில் எஃப் 8. பகல் வேலைக்கு மட்டும்தான்.

கேமராவை விட முக்கியமானது அதைப் பிடிப்பது

600 மி.மீ. ஜூமில் கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் திரையில் மான் ஒரு அடி நகரும். குளிர், படபடப்பு, மான் வந்துவிட்ட பதற்றம் எல்லாம் சேர்ந்து கையில் பிடித்து எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் 500 டாலர் இருந்தால் ஐந்நூறையும் கேமராவுக்குப் போடுவது தப்பு. நூறு, நூற்றைம்பதையாவது தாங்கிக்கு ஒதுக்க வேண்டும்.

மரத்தில் இருந்து எடுப்பவர்கள் பயன்படுத்துவது ‘கேமரா ஆர்ம்’. மரத்தோடு பட்டையால் இறுக்கிக் கட்டும் மடக்குக் கை. அதன் நுனியில் கேமரா. இதில் கவனிக்க வேண்டியது ஆர்மின் நீளத்தை விட அதன் மேல் இருக்கும் ‘ஹெட்’. சாதாரண ட்ரைபாட் ஹெட் திருகினால் வெட்டி வெட்டி நகரும், சில சமயம் ‘க்ரீச்’ என்று சத்தமும் போடும். 20 மீட்டரில் நிற்கும் மானுக்கு அது போதும் ஓட. ஃப்ளூயிட் ஹெட் என்றால் எண்ணெயில் நகர்வது போல் வழுக்கிக்கொண்டு திரும்பும். சத்தம் இருக்காது.

தரையில் உட்கார்ந்து டர்க்கி வேட்டைக்குப் போகிறவர்களுக்கு, கால்களை முழுசாக விரித்துத் தரையோடு தரையாக இறங்கும் ட்ரைபாட் வேண்டும். டர்க்கிக்குக் கண் பார்வை மிகக் கூர்மை. கேமராவைத் திருப்பும் வேகம்தான் அங்கே எல்லாம்.

இங்கே ஒரு பாதுகாப்பு விஷயம். பரணில் இருந்து விழுவது அமெரிக்க வேட்டைக்காரர்கள் காயப்படுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கேமராவைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் சாய்வது அந்த ஆபத்தை இன்னும் கூட்டும். தரையில் இருந்து ஏறத் தொடங்கும்போதே உடம்பு முழுக்கச் சுற்றும் பாதுகாப்புப் பட்டை கட்டியிருக்க வேண்டும். கேமரா பையை முதுகில் சுமந்து ஏறாமல், மேலே போய்க் கயிறு விட்டு இழுத்துக்கொள்வதே முறை. வில்லையும் துப்பாக்கியையும் அப்படித்தான் ஏற்றுவார்கள், துப்பாக்கியில் தோட்டா இல்லாமல்.

அந்த கால் நொடி

அம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 300 அடி என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டரைக் கடக்க கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். வில் நாண் விடுபடும் சத்தமோ அதைவிட வேகமாக, 0.07 நொடியில் மானின் காதுக்குப் போய்விடும். மிச்சம் 0.2 நொடி. அந்த இடைவெளியில் மான் பாய்வதற்காக உடம்பைக் கீழே தாழ்த்தும். குறி வைத்த இடத்துக்குச் சற்று மேலே அம்பு பட்டுவிடும். விட்டவர் கண்ணுக்கு ‘சரியாகத்தான் பட்டது’ என்று தோன்றும்.

நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் அந்த முழுப் பயணமும் எட்டு ஃபிரேம்தான். 60 ஃபிரேம் என்றால் பதினாறு. அதனால்தான் 4கே 30-ஐ விட எச்டி 60-ஐத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். எங்கே பட்டது என்று ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கலாம். அம்பின் பின்முனையில் எரியும் சின்ன விளக்கு பொருத்தினால் வீடியோவில் அதன் பாதை இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் அதற்கு எல்லா மாநிலத்திலும் அனுமதி இருக்கிறதா என்று விதியைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நெஞ்சில், நுரையீரலில் பட்ட மான் சீக்கிரம் விழுந்துவிடும். அரை மணி நேரம் கழித்துத் தேடிப் போகலாம். கல்லீரலில் பட்டால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம். வயிற்றில் பட்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை காத்திருக்கச் சொல்வதுதான் அனுபவக்காரர்களின் வழக்கம். அவசரப்பட்டு உடனே பின்னால் போனால், படுத்திருக்கும் மான் எழுந்து வெகுதூரம் ஓடிவிடும். அப்புறம் கண்டுபிடிப்பது கஷ்டம். காயத்தோடு எங்கோ கிடந்து சாகும், யாருக்கும் பயன்படாமல். நல்ல வீடியோ கையில் இருந்தால் இதில் ஊகத்துக்கு இடம் குறைவு.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. ‘கேமராவில் சரியாகத் தெரியட்டும்’ என்று காத்திருந்து நல்ல தருணத்தை விட்டுவிட்டு, கடைசியில் மான் திரும்பும்போது அம்பு விடுவது. தனியாகப் போய்ப் படமும் எடுத்து வேட்டையும் ஆடுபவர்களுக்கு இது அடிக்கடி வரும் சபலம். முதல் சில தடவை அகலமாக ஃபிரேம் வைத்து, ரெக்கார்ட் போட்டுவிட்டு, கேமராவை மறந்துவிடுவது நல்லது.

சின்னச் சின்ன செட்டிங், பெரிய வித்தியாசம்

கிளைகளுக்கு நடுவே மான் வரும்போது ஆட்டோ ஃபோகஸ் மானை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் இலையைப் பிடித்துக்கொள்ளும். இதனால் வீணான வீடியோக்களுக்குக் கணக்கே இல்லை. மேனுவல் ஃபோகஸுக்குச் சட்டென்று மாறும் வழி உள்ள கேமராவாகப் பார்க்க வேண்டும். மெனுவுக்குள் நான்கு தடவை அழுத்தித்தான் மாற முடியும் என்றால் காட்டில் அது இல்லாததற்குச் சமம்.

‘ப்ரீ ரெக்கார்ட்’ என்ற வசதி சில கேனான், பானாசோனிக் மாடல்களில் இருக்கிறது. பட்டனை அழுத்துவதற்கு மூன்று நொடி முன்பிருந்தே பதிவாகியிருக்கும். புதரில் இருந்து திடீரென்று மிருகம் வெளியே வரும்போது இதன் அருமை தெரியும்.

பதிவாகும்போது எரியும் முன்பக்க விளக்கு, பட்டன் ‘பீப்’ சத்தம் இரண்டையும் மெனுவில் அணைத்துவிட வேண்டும். விளக்கை அணைக்க முடியாத மாடல் என்றால் கருப்பு டேப் ஒட்டினால் போச்சு. திரையின் வெளிச்சத்தையும் குறைத்து வைக்கலாம். இருட்டில் அது முகத்தில் அடிக்கும்.

சத்தத்தைப் பொறுத்தவரை, கேமராவின் சொந்த மைக் காற்றையும், உடுப்பு உரசுவதையும்தான் பிரமாதமாகப் பதிவு செய்யும். மைக் ஜாக் வேண்டும் என்று மேலே திரும்பத் திரும்பச் சொன்னது அதனால்தான். பேட்டரி தேவைப்படாத சின்ன வெளி மைக், அதன் மேல் முடி முடியாக இருக்கும் காற்றுத் தடுப்பு உறை, இது போதும். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபெல்லைத் தாண்டும். எந்த மலிவு மைக்கிலும் அது உடைந்துதான் கேட்கும், அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

கார்டு கணக்கு எளிது. நொடிக்கு 28 மெகாபிட் வேகத்தில் எச்டி எடுத்தால் மணிக்குச் சுமார் 12.6 ஜிபி. நொடிக்கு 100 மெகாபிட் 4கே என்றால் 45 ஜிபி. ஒரு 64 ஜிபி கார்டில் முதலாவது ஐந்து மணி நேரம் வரும், இரண்டாவது ஒன்றரை மணி நேரம்கூட வராது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கூடுதல் பேட்டரியைப் பையில் போடாமல் சட்டையின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது குளிர்ந்த கேமராவைச் சூடான காருக்குள் அப்படியே வெளியே வைத்தால் லென்ஸில் பனி படியும். பைக்குள்ளேயே மூடி வைத்து, மெதுவாகச் சூடாக விட வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

நல்ல மாடல்கள் பலவும் பழையதாகத்தான் கிடைக்கும் என்பதால் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். முதலில் முழு ஜூமுக்குப் போய்த் திரும்பி வரச் சொல்லிக் கேட்க வேண்டும். நடுவில் திக்கினாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ விட்டுவிடலாம். முழு ஜூமில் தூரத்து போர்டு எழுத்தை எடுத்துப் பார்த்தால் ஃபோகஸ் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். லென்ஸ் மூடியைப் போட்டபடி ஒரு நிமிடம் பதிவு செய்து, கருப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்படி நின்றால் சென்சாரில் பழுது. மைக் ஜாக்கில் ஒரு மைக்கைச் செருகி, வயரை லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். கரகரத்தால் ஜாக் தளர்ந்திருக்கிறது.

பேட்டரி ஒரிஜினலா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. பழைய மாடல்களுக்குப் புது பேட்டரி கிடைக்கிறதா என்பதை முன்பே தேடிவிட்டுப் போவது நல்லது. முடிந்தால் விற்பவரை மாலை ஆறு மணிக்கு, வெளிச்சம் மங்கும் நேரத்தில் சந்திக்கலாம். கேமராவை அவர் வீட்டு வாசலில் இருந்தே தெருக்கோடியில் இருக்கும் ஒரு மரத்தைப் பார்த்துத் திருப்பி, பாதி ஜூமில் ஒரு நிமிடம், முழு ஜூமில் ஒரு நிமிடம் எடுத்து, சொந்த கார்டில் வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் பணம் கொடுக்கலாம்.